பெரிய வெள்ளியில் அடித்த மணி

"குனிங்க! தலையக் குனிங்க!"

களப்பின் நடுவில் இருக்கிறோம். வள்ளத்துக்குள் கணுக்கால் அளவு தண்ணீர். என் வலது கையில் ஒரு பிள்ளை. இடது கையில் ஒரு பிள்ளை. இரண்டும் என்னுடையவை அல்ல. தெற்கே ஒரு தடித்த சத்தம். நெல்மூட்டையை உயரத்திலிருந்து நிலத்தில் போட்டது போல. அது எறிகணை புறப்படும் சத்தம். பிறகு ஒன்றும் இல்லை. பிறகு சீலை கிழிவது போல வானத்தில் ஒரு கீறல். பிறகு வெடி.

தண்ணீரில் விழவில்லை. நாங்கள் விட்டுவந்த கரையில் விழுந்தது.

இன்னொன்று. அதுவும் கரையில்.

அதற்குப் பிறகுதான் மணி கேட்டது. எங்கள் கோயில் மணி. ஒழுங்கில்லாத அடி. இரும்பால் யாரோ மணியை நேரே அடிக்கிறார்கள். வள்ளத்தில் இருந்த வேதக்காரர் எல்லாரும் சிலுவை அடையாளம் போட்டோம். பக்தியால் அல்ல. பயத்தால். பெரிய வெள்ளியன்று மணி அடித்து நாங்கள் கேட்டதில்லை.

எதையும் தேதியோடு எழுதுவது என் பழக்கம். இங்கே ஆண்டை எழுதவில்லை. ஊரின் பெயரையும் எழுதவில்லை. இதில் வருகிற சிலரின் பிள்ளைகள் இன்னும் அங்கே வாழ்கிறார்கள். வாகரைப் பக்கம், கடல்நீர் உள்ளே தேங்கும் களப்பின் ஓரத்தில் ஒரு மீன்பிடிக் கிராமம் என்பது போதும். தவக்காலத்தின் நடுவில் சண்டையால் பாதை மூடப்பட்டது. பங்குத் தந்தை கூட்டமொன்றுக்கு மட்டக்களப்புக்குப் போயிருந்தார். திரும்பி வர விடவில்லை. எறிகணைகளை யார் அடித்தார்கள் என்று கேட்டால் இரு தரப்பும் இன்றுவரை மற்றத் தரப்பைக் காட்டுகிறது. நான் அவை விழுந்த பக்கத்தில் இருந்தவள். புறப்பட்ட இடத்தைப் பார்க்கவில்லை.

பாதர் இல்லாத ஊருக்கு மதலேன் டீச்சர் பொறுப்பானார். யாரும் அவரைத் தெரிவு செய்யவில்லை. ஞாயிறுகளில் எங்களுக்கு மறைக்கல்வி படிப்பித்தவர். தனி ஆள். உரத்துப் பேசமாட்டார். யார் வீட்டில் அரிசி இல்லை, யாருக்குக் காய்ச்சல் என்பது அவருக்கு முதலில் தெரியும். அவ்வளவுதான் அவருடைய தகுதி. பதுங்குகுழி வெட்டும்போது கோயில் ஆட்களுக்கு முதலில், சைவ ஆட்களுக்குப் பிறகு என்று ஒருவர் பேச்செடுத்தார். டீச்சர் மண்வெட்டியை எடுத்துக்கொண்டுபோய்ச் சைவக் குடும்பமொன்றின் வளவில் வெட்டத் தொடங்கினார். பின்னால் எல்லாரும் போனோம்.

அந்தக் குடும்பம் தங்கராசா, புவனா. அவர்களும் வேறு சில குடும்பங்களும் பிறகு மணல்வெளிக்கு அப்பால் உள்ள மரமுந்திரித் தோட்டத்துக்குப் போய்விட்டார்கள். அங்கே நிழல் உண்டு. மேலே பறப்பவர்களுக்கு ஆட்கள் தெரியாது. புதன்கிழமை புவனாவுக்குப் பிள்ளை பிறந்தது. ஆண் பிள்ளை. துணைக்கு என் தங்கை ரீத்தா போனாள். கொஞ்சம் மருத்துவிச்சி வேலை தெரிந்தவள்.

அன்றே டீச்சர் தோட்டத்துக்கும் சொல்லி அனுப்பினார். வள்ளக்காரர் சந்தியா அண்ணன் எதிர்க்கரையிலிருந்து இரண்டு வள்ளம் கொண்டுவருவார். வள்ளம் வந்ததும் கோயில் மணி அடிக்கும். மணி கேட்டால் ஒன்றையும் எடுக்க வேண்டாம். துறைக்கு ஓடி வரவேண்டும்.

நல்ல ஏற்பாடு. எல்லாருக்கும் விளங்கியது. மறுநாள் பெரிய வியாழன் என்பதை அந்த நேரம் யாரும் யோசிக்கவில்லை.

வியாழன் பின்னேரம் டீச்சர் பாதம் கழுவினார். பாதர் இல்லாமல் கழுவலாமா என்று ஒரு வாய்வழக்கு நடந்தது. கோயிலைப் பார்த்துக்கொள்ளும் சவரிமுத்து அப்புவுக்கு அது பிடிக்கவே இல்லை.

"பாதர் இல்லாமக் கழுவினா அது சடங்கு இல்ல, டீச்சர். குளிப்பாட்டுறது."

"அப்ப குளிப்பாட்டுறன். நீங்க தண்ணிய ஊத்துங்க அப்பு."

தன் மூத்த பிள்ளைகள் இரண்டையும் எங்களிடம் விட்டுப்போகத் தங்கராசா வந்திருந்தான். வாசலில் நின்றவனை டீச்சர் வாங்குப் பலகையில் இருத்தினார்.

"டீச்சர், நான் சைவம்."

"காலு சைவமா மச்ச மாமிசமா எண்டு நான் பாக்கல்ல. நீட்டுங்க."

எல்லாரும் சிரித்தோம். அந்த வாரத்தில் நாங்கள் சிரித்தது அப்போதுதான். அவனுடைய குதிகாலில் மட்டி ஓடு வெட்டிய புண். டீச்சர் அதைக் கழுவிக்கொண்டே இருந்தார். நெடுநேரம். பிறகு தன் சீலைத் தலைப்பைக் கிழித்துக் கட்டினார்.

செபம் முடிந்தது. சவரிமுத்து அப்பு வழமைபோல ஏணி வைத்து ஏறினார். மணிக் கயிற்றைச் சுருட்டி மேலே வளையத்தில் இறுக்கிக் கட்டினார். பெரிய வியாழன் இரவிலிருந்து சனி இரவுப் பாஸ்கா வரை எங்களுக்கு மணி இல்லை. மரக்கட்டை இரண்டைத் தட்டித்தான் ஆட்களைக் கூப்பிடுவோம். நான் பார்த்துக்கொண்டு நின்றேன். டீச்சர் பார்த்துக்கொண்டு நின்றார். கோயில் நிறைந்த சனம் பார்த்துக்கொண்டு நின்றது. ஒருவருக்கும் ஒன்றும் பிழையாகத் தெரியவில்லை. ஏணி இறங்கியதும் அதன் சட்டங்களைக் கழற்றிப் பதுங்குகுழிக்குக் கூரையாகப் போட்டார்கள்.

பெரிய வெள்ளி. விடிந்து கொஞ்ச நேரம். வள்ளங்கள் வருகின்றன.

"மணிய அடிங்க! அப்பு, மணி!"

அப்பு ஓடுகிறார். கோயிலைச் சுற்றி ஓடுகிறார். கையில் மரக்கட்டைகள். டக், டக், டக்.

"மணி! மணிய அடிங்க!"

"இண்டைக்குப் பெரிய வெள்ளி டீச்சர்!"

"ஆண்டவர் கோவிக்கமாட்டார்! அடிங்க!"

அவர் நின்றார். மேலே பார்த்தார். கயிறு ஒருவர் கைக்கும் எட்டாத உயரத்தில் இருந்தது. அப்போதுதான் எங்கள் எல்லாருக்கும் விளங்கியது. அவர் உள்ளே ஓடி வாங்குகளை இழுத்து ஒன்றின்மேல் ஒன்றாக அடுக்கத் தொடங்கினார்.

மரக்கட்டைச் சத்தம் தோட்டத்துக்குக் கேட்டது. தங்கராசா பிறகு சொன்னான். அங்கிருந்த சைவ ஆட்கள், என்ன சத்தம் என்று என் தங்கையைக் கேட்டார்களாம். வேதக்காரிக்குத் தெரியும்தானே. அவள் சொன்னாளாம்:

"சிலுவைப்பாதைக்குக் கூப்பிடுறாங்க. பெரிய வெள்ளியில இப்பிடித்தான். நான் மறுகா போறன், புள்ளப்பெத்தவளுக்குக் கஞ்சி குடுத்துட்டு."

அவள் சொன்னது சரி. பிறந்ததிலிருந்து அந்தச் சத்தத்துக்கு அதுதான் அர்த்தம்.

தோட்டத்து ஆட்கள் ஒருவரையும் துறையில் காணவில்லை. டீச்சர் முதல் வள்ளத்தில் கிழவர்களையும் பிள்ளைகளையும் ஏற்றினார். நான் தோட்டத்துக்கு ஓடப் பார்த்தேன். அவர் தங்கராசாவின் பிள்ளைகள் இரண்டையும் கொண்டுவந்து என் கைகளில் பிடித்துவைத்தார்.

"இதுகள உடாத, புள்ள. ரீத்தாவ நான் கூட்டி வாறன்."

எனக்கு வேறு கை இல்லை. நான் ஏறினேன்.

சந்தியா அண்ணன் கத்தினார். "டீச்சர், நீங்க போனா இஞ்ச ஆரு பாக்கிற? ஏறுங்க!" அவர் திரும்பவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு மணலில் ஓடினார். எங்கள் வள்ளம் விட்டது. இரண்டாவது வள்ளம் துறையில் காத்து நின்றது.

நூறில் ஒன்றைத் தேடிப் போன மேய்ப்பனின் கதையை எங்களுக்குச் சொல்லித்தந்தவர் அவர். மற்றத் தொண்ணூற்றொன்பதும் அந்த நேரம் என்ன செய்தன என்று வகுப்பில் யாரும் கேட்டதில்லை. எனக்குத் தெரியும். கரையைப் பார்த்து அலறிக்கொண்டிருந்தன.

பிறகுதான் முதல் எறிகணை. பிறகு இரண்டாவது. தோட்டத்தில் எல்லாரும் பதுங்குகுழிக்குள் இறங்கிவிட்டார்கள். அங்கேயே இருந்திருக்கலாம். தோட்டத்துக்குள் அன்று ஒன்றும் விழவில்லை. இதைப் பிறகு போய்ப் பார்த்தேன். மரங்களில் ஒரு கிளைகூட முறியவில்லை.

ஆனால் மணி அடித்தது. சவரிமுத்து அப்பு வாங்குகளின் மேல் ஏறி, கயிறு அவிழாமல், கம்பியொன்றால் மணியை அடித்தார். மணி என்றால் வள்ளம். ஒன்றையும் எடுக்க வேண்டாம். ஓடி வரவேண்டும். அவர்கள் குழியிலிருந்து ஏறி மணல்வெளிக்கு ஓடி வந்தார்கள்.

டீச்சர் பாதி வழியில் அவர்களைச் சந்தித்தார். திரும்புவதா, வருவதா?

"வள்ளம் நிக்குது. வாங்க, வாங்க!"

மற்றவர்களை முன்னால் ஓடவிட்டார். புவனாவால் ஓட முடியாது. பிள்ளை பெற்று இரண்டு நாள். டீச்சர் ஒரு பக்கம் தாங்கினார். ரீத்தா மறுபக்கம். பிள்ளை புவனாவின் மார்பில். தங்கராசா தன் தாயைத் தோளில் தூக்கிக்கொண்டு முன்னால். அவன் திரும்பிப் பார்த்தபோது மூன்று பெண்களும் நடந்துவந்தார்களாம். ஓட்டம் இல்லை. புவனாவின் நடை எதுவோ அதுவே மற்ற இருவரின் நடையும்.

"படுங்க! படுங்க!" அது டீச்சரின் குரலாம். உரத்துப் பேசாதவரின் குரல். அதன்பிறகு வெடி.

நான் பார்த்தது புகை மட்டும். களப்பின் நடுவிலிருந்து பார்த்தால் அது சமையல் புகை அளவுதான். மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.

அன்பு வழிகாட்டும் என்று பிரசங்கங்களில் கேட்டிருக்கிறேன். நிறையப் புத்தகங்களிலும் வாசித்திருக்கிறேன். காட்டியது. வழி மணல்வெளிக்குக் குறுக்கே போனது. அவர் போகாமல் இருந்திருக்க வேண்டும் என்று என்னால் சொல்ல முடியாது. போனது நல்லது என்றும் என் வாய் சொல்லாது.

எதிர்க்கரையில் பள்ளிக்கூடமொன்றில் இருந்தோம். சவரிமுத்து அப்பு சாப்பிடவில்லை. வருகிறவர் எல்லாரிடமும் ஒரே கேள்வி. "முந்தியே அடிச்சிருக்க வேணுமோ? இல்லாட்டி அடிக்காமலே உட்டிருக்க வேணுமோ?" தங்கராசா ஒருநாள் தன் சோற்றுக் கோப்பையோடு வந்து அவர் பக்கத்தில் இருந்தான். அவர் அவனையும் கேட்டார்.

"நீங்க கூப்பிட்டீங்க அப்பு. நாங்க வந்தம். சாப்பிடுங்க."

மன்னித்தானா, குற்றம் சொன்னானா என்று எனக்கு இன்றும் தெரியாது. அப்பு சாப்பிட்டார். அழுதுகொண்டு சாப்பிட்டார். தங்கராசா அவர் முடிக்கும்வரை எழும்பவில்லை.

மரித்தோரை நினைக்கும் நாளில் எங்கள் கோயிலில் பெயர்களை வாசிப்போம். புவனாவின் பெயரையும் நான் வாசித்தேன். வெளியே வந்ததும் ஒருவர் கேட்டார்: "அவ சைவம்தானே. இஞ்ச ஏன் வாசிக்கிற?" நான் வாய் திறக்குமுன் அப்பு சொன்னார்: "கூப்பிட்டது நம்மட மணி."

இழந்தவர்கள்:

மதலேன் டீச்சர். உறவினர் யாரும் வரவில்லை. நாங்கள் புதைத்தோம்.

ரீத்தா. என் தங்கை.

புவனா.

புவனாவின் பிள்ளை. முப்பத்தொன்றாம் நாள் பெயர் வைக்க இருந்தார்கள். அதனால் பெயர் இல்லை. புவனாவின் பிள்ளை என்றே வாசிக்கிறோம்.

சவரிமுத்து அப்பு ஆறு வருடம் இருந்து கட்டிலில் செத்தார். அவரை இதில் சேர்ப்பதா என்று நெடுநாள் யோசித்தேன். சேர்க்கிறேன்.

இழந்தவை: கோயில் கூரை. டீச்சரின் வீடு. எங்கள் வீடு. டீச்சரின் பாட்டா செருப்பு ஒரு சோடி, மணலில் தேடியும் ஒன்றுதான் கிடைத்தது.

இரண்டாவது வள்ளம் கடைசியில் வந்து சேர்ந்தது. தங்கராசா அதில் வந்தான். பின் வரிசையில் நாலு பேருக்கு இடம் இருந்தது.