தக்காளி விதை வராத பம்ப்

இல்ல தம்பி, டீ அப்புறம் குடிச்சுக்கலாம். மொதல்ல அந்தக் குப்பிய இப்படிக் குடுங்க. ம். கலரு சேத்துக் கலருதான், நான் இல்லேங்கல. ஆனா தக்காளி விதை எங்க?

சிரிக்காதீங்க. தலைநகர் துனிஸ்ல இருந்து கார்ல வந்து எறங்கி, பம்ப் விக்கிற ஆளுக்கு இது விளங்காது. நம்ம காபெஸ்ல தக்காளியும் மிளகாயும் இல்லாம எவன் வீட்டுல அடுப்பு எரியுது? விதை செரிக்காது. சாக்கடையோட நேரா நம்ம சுத்திகரிப்பு நிலையத்துக்குத்தான் வந்து சேரும். அந்தா, சேறு காயப்போட்ட பாத்தியப் பாருங்க, முழங்கால் ஒசரத்துக்குத் தக்காளிச் செடி. அத யாரும் நடல. இந்தச் சேத்துக் குழியோட அடிச்சேத்த அள்ளினா விதை இல்லாம இருக்காது. உங்க பம்ப் எடுத்ததுல ஒண்ணு கூட இல்லியே. மேல்தண்ணிய உறிஞ்சிட்டு எங்கிட்டயே சோதனைக்குச் சேறுன்னு காட்டுறீங்களா?

என்னது, சல்லடையா? குழாய் நுனியிலயா? அதான பாத்தேன். அடைச்சிக்கும்னு பயந்து சேத்தையே வடிகட்டிட்டீங்க. கழட்டுங்க அத. இது சரிப்படலேன்னா எங்களுக்குப் பழையபடி கயிறும் வாளியும்தான், அது வேண்டாம்னுதான் உங்களக் கூப்பிட்டதே.

ம், இப்ப ஓட்டுங்க.

நின்னுபோச்சா? பதறாதீங்க, தலைமுடியா இருக்கும். போன தடவ ஒருத்தர் கொண்டாந்தது உள்ள விசிறி சுத்துற ரகம். முடி சுத்திச் சுத்தி சடை பின்னிக்கிச்சு, அவரும் கமுக்கமா மூட்டை கட்டிட்டாரு. உங்களது குழாயப் பிதுக்கித் தள்ற ரகம்தான? பின்னாலயும் ஓடும்னு பெருமையடிச்சீங்களே, ஓட்டிக் காட்டுங்க.

முடியத் துப்பிருச்சு. இப்ப மறுபடி முன்னால.

அட, இந்தா பாருங்க, விதை. இன்னொண்ணு. சரி தம்பி, இத நம்பலாம்.

ஆனா குழாய் பத்தாது. அந்தச் செவுத்துக்கு வெளிப்பக்கம் வரைக்கும் வரணும். இழுக்கும், இழுக்கும். ஆழம்தான் பிரச்சினை, தரையில கெடக்குற நீளம் இல்லேன்னு நீங்கதான சொன்னீங்க. அதுக்குள்ள மறந்துட்டீங்களா, இல்ல அந்தச் சல்லடை மாதிரி இதுலயும் ஏதாவது ஒளிச்சு வச்சிருக்கீங்களா?

குழி ஓரத்துல நின்னே எடுக்கலாமேங்கறீங்க. எடுக்கலாம். நவ்ஃபல் அப்படித்தான் எடுத்தான், வாளிய விட்டு, குனிஞ்சு. குழி விஷவாயுவோட அழுகுன முட்டை நாத்தம் திடீர்னு நின்னுபோனா மூக்கு மரத்துப்போச்சுன்னு அர்த்தம், ஓடிரணும்னு எனக்கே சொல்லிக் குடுத்தவன் அவன்தான். அன்னைக்கு அவனுக்கு ஓட நேரம் கெடைக்கல. எங்கூடப் பொறந்தவன்.

அவன் வேலைய அவன் மகளுக்குக் குடுத்திருக்காங்க. ரஹ்மா. திங்கக்கிழமை வர்றா. குழாய நீளமா வைங்க தம்பி, அந்தப் புள்ள செவுத்துக்கு வெளிப்பக்கம் நின்னு எடுக்கட்டும்.