செல்போன் தவமும் தையல் இயந்திரமும்

சங்கரன்கோவிலில், தவக்கோலம் பூண்ட கோமதி அம்மனைத் தொழுது, மேலநீலிதநல்லூர் செல்லும் நகரப் பேருந்தில் அமர்ந்திருந்தேன். முன்னிருக்கையில் அண்ணியும் நாத்தனாருமாக இரு பெண்கள். இளையவள் புதிய தையல் இயந்திரப் பெட்டியொன்றை இறுக அணைத்திருந்தாள்.

“ரெண்டு வருசம் செல்லுல வார பரிசுப் போட்டிக்கெல்லாம் பதில் அனுப்பித் தவம் கெடந்தேன் மைனி. ஒத்தப் பைசா குடுக்காம வாங்கிட்டேன்லா!”

“செல்லுல பரிசுன்னு வாரதெல்லாம் ஏமாத்துன்னுல்லா ஊரே சொல்லுது?”

“முக்காவாசி ஏமாத்துதான். டெலிவரிக்குக் காசு கட்டுன்னாலும், ஓடிபி கேட்டாலும் உடனே கட் பண்ணிருவேன். இந்த நூல் கம்பெனிக்காரங்க மட்டுந்தான் ஒண்ணுமே கேக்கல.”

“ஒரு மிஷினுக்கு இவ்வளவு பாடா?”

“நீங்க மத்தியானம் தூங்குத நேரந்தானே உங்க மிஷின் எனக்குக் கெடைக்கும்? இனி நெனச்ச நேரம் தைப்பேன் மைனி.”

மைனி வாய் திறப்பதற்குள் நடத்துநர் வந்துவிட்டார்.

“உங்க ரெண்டு பேருக்கும் ஃப்ரீ. பொட்டிக்கு லக்கேஜ் போடணும்.”

மைனி கைதட்டிச் சிரித்தாள். “பாத்தியா, கடைசில காசு கேட்டுட்டாங்க!”

“கேக்கட்டும் மைனி. பரிசு மடிக்கு வந்த பொறவுல்லா கேக்காங்க! தாராளமாப் போடுங்க அண்ணாச்சி.”

அந்தச் சீட்டை அவள் இரு கைகளையும் ஏந்தி, திருநீறு பெறுவதுபோல் வாங்கிக்கொண்டாள்.