அஞ்சாம் ஆண்டுப் பாடம்

இல்லைத் தம்பி, அந்தக் கதிரையிலை இருக்காதையும், கால் ஆடும். உந்த வாங்கிலை இரும். ஓம், இதுதான் எங்கடை பள்ளிக்கூடம். குருநகரிலை கடலுக்குப் பக்கத்திலை இருந்தது. இப்ப கொக்குவிலிலை ஆரோ ஒருத்தற்றை வளவுக்கை கிடுகுக் கொட்டில். சிரிக்காதையும், பலகையிலை இன்னும் பழைய பேர்தான் கிடக்குது.

நீர் கொண்டந்த பாடத்திட்டப் புத்தகத்தைப் பாத்தன். ரோணியோ மெசினிலை அடிச்சு, மட்டையும் போட்டு வடிவாய்த்தான் செய்திருக்கிறியள். கொப்பி வேண்டவே வழியில்லாத காலத்திலை உவ்வளவு பேப்பர் எங்கை எடுத்தனீங்களோ தெரியேல்லை. ஒண்டாம் ஆண்டு தொடக்கம் நாலாம் ஆண்டு மட்டும், எல்லாப் பாடமும், மாதம் மாதமாய். அளவெட்டியிலை ஒரு பள்ளிக்கூடத்திலை இதை வைச்சுப் படிப்பிக்கப் பிள்ளையள் நல்லாய் வந்திட்டுதுகள் எண்டீர். ஏன் வராதுகள்? அஞ்சாம் ஆண்டுதான் இல்லை, அதை நான் எழுதித் தரோணும். அதுதானே வந்த அலுவல்?

எழுதிறதைப் பேந்து பாப்பம். முதல் இதை ஆர் எழுதினது எண்டு தெரியுமோ உமக்கு? மட்டையிலை உங்கடை இயக்கத்தின்ரை கல்விப் பகுதியின்ரை பேர்தான் பெரிசாய்க் கிடக்குது. நானோ? சீச்சீ. அருட்பிரகாசம் மாஸ்ரர் அப்பிடியோ சொன்னவர்? அவர் அந்த நேரம் எங்கடை அதிபர். நாலு வருசத்துத் திட்டமும் அவற்றை அலுமாரிக்கை கிடந்தது. நீங்கள் கேக்க எடுத்துத் தந்திட்டார். பேரைச் சொல்ல மனிசன் பயந்திருக்கும்.

எழுதினது ஸம்ஸியா ரீச்சர்.

ஓம், முஸ்லிம்தான், சோனகதெரு. ஏன் தம்பி நிலத்தைப் பாக்கிறீர்? பேரைச் சொன்னால் ஒண்டும் ஒட்டாது.

அவவின்ரை பள்ளிக்கூடமும் எங்கடையும் ஒரே கொத்தணி. கிட்டக் கிட்ட இருக்கிற பள்ளிக்கூடங்களின்ரை ரீச்சர்மாரைச் சேத்துக் கூட்டம் வைப்பினமே, அதுதான். எண்பத்தாறு கடைசியிலை ஒரு கூட்டம். அருட்பிரகாசம் மாஸ்ரர் எழும்பி, அஞ்சாம் ஆண்டுப் புலமைப்பரிசில் சோதினையிலை எங்கடை பிள்ளையள் ஒண்டும் தேறுதுகளில்லை, அதாலை சித்திரம் பாட்டெல்லாத்தையும் நிப்பாட்டிப்போட்டுக் கணக்கும் தமிழும் மட்டும் அடிப்பம் எண்டார். எல்லாரும் தலையாட்டிச்சினம், நானுந்தான். பின்வாங்கிலை இருந்து மெல்லிசாய் ஒரு குரல் வருது. மாஸ்ரர், அஞ்சிலை பின்னம் விளங்காத பிள்ளை, ஒண்டிலை விசுக்கோத்தைப் பாதியாய் உடைச்சுப் பங்குபோட்டதோ எண்டு முதல் பாருங்கோ. போடேல்லை எண்டால் பிழை ஒண்டாம் ஆண்டு ரீச்சரிலை. அது நான்தான் எண்டா. எல்லாரும் சிரிச்சவை. அவ சிரிக்கேல்லை.

அடுத்த கூட்டத்துக்குத் திட்டத்தோடை வந்தா. ஒண்டாம் ஆண்டிலை சிப்பியையும் கல்லையும் கையிலை தூக்கி எது பாரம் எண்டு பாக்கிறது. ரெண்டிலை சிரட்டைத் தராசு. மூண்டிலை சந்தைக் கணக்கு. நாலிலை கிலோவைப் பிரிச்சுப் பின்னம். கணக்கிலை சந்தை நடக்கிற மாதம் தமிழிலையும் சந்தைக் கதை, சித்திரத்திலையும் சந்தை. சோளகக் காத்து எழும்பிற மாதத்திலைதான் காத்தைப் பற்றின பாடம். பிள்ளை வாசலிலை போய் நிண்டால் பாடம் முகத்திலை அடிக்கும் எண்டுவா.

எனக்கு முதல் எரிச்சல்தான். எங்களுக்குப் படிப்பிக்க வாறதுக்கு இவ ஆர் எண்டு. பாத்தால் மாரியிலை வீசிற வாடைக்காத்தைப் பங்குனியிலை போட்டு வைச்சிருக்கிறா! நான் குருநகர்ப் பெட்டையெல்லே, விடுவனோ? எல்லாருக்கும் முன்னாலை போட்டுக் குடுத்தன். அவ கோவிக்கேல்லை. மக்டலீன் ரீச்சர், காத்து உங்களுக்குத்தான் தெரியும், நீங்கள் சொல்லுங்கோ, நான் எழுதிறன் எண்டு எனக்குப் பக்கத்திலை வந்து குந்தீட்டா. அண்டைக்குத் தொடங்கின சிநேகிதம். சனிக்கிழமையளிலை அவவின்ரை வீட்டிலைதான் இருப்பம். புருசன் றஊப், பழைய இரும்புக் கடை வைச்சிருந்தவர். பகிடியாய்ச் சொல்லுவார், ஊர் எரியுது, இவ தொண்ணூறாம் ஆண்டுச் சித்திரை மாதத்துக்குப் பாடம் எழுதிறா எண்டு. ஊர் எரிஞ்சாலும் பிள்ளை ஒண்டு முடிய ரெண்டுக்குத்தானே வரும் எண்டு திரும்பிப் பாக்காமல் மறுமொழி சொல்லுவா.

எண்பத்தேழு தையிலை ரெண்டு பள்ளிக்கூடத்திலையும் ஒண்டாம் ஆண்டிலை தொடங்கினம். அந்த ஐப்பசியிலையே இந்தியன் ஆமி வந்து எல்லாத்தையும் இழுத்துப் பூட்டினது உமக்குத் தெரியும்தானே. நான் சொன்னன், எல்லாம் போட்டுது, இனி உதை விடுங்கோ எண்டு. அவ விடேல்லை. தவறின பாடங்களை அடுத்த வருசத்துக்கை எங்கையெங்கை செருகலாம் எண்டு இருந்து பாத்துப் பாத்துச் செருகினா. ஒரு பாடமும் விழேல்லைத் தம்பி. ஒண்டும் விழேல்லை.

உமக்கு ஒண்டு சொல்லோணும். தொண்ணூறிலை அவையின்ரை நோன்பும் எங்கடை தபசுகாலமும் ஒண்டாய் வந்தது. அது வரப்போகுது எண்டு மூண்டு வருசத்துக்கு முன்னமே கலண்டரைப் பாத்து வைச்சு, அந்த மாதத்துக்குப் பசி எண்டு ஒரு பாடம் போட்டிருந்தா. தமிழிலை பசியைப் பற்றி எழுதிறது, சமயத்திலை ஏன் ஒறுத்தல் எண்டு கதைக்கிறது, கணக்கிலை ஒரு வீட்டுக்கு ஒரு நாளைக்கு எவ்வளவு அரிசி எண்டு பாக்கிறது. ரெண்டு பள்ளிக்கூடத்து நாலாம் ஆண்டையும் ஒண்டாய் இருத்திப் படிப்பிச்சம். எங்கடை பேதுரு எண்ட பிள்ளை, பசி எல்லாருக்கும் ஒரே இடத்திலைதான் வருது எண்டு எழுதினான். அவ அதை வாசிச்சிட்டு வெளியிலை போய் நிண்டவ.

உம்மடை புத்தகத்திலை அந்தப் பாடம் இல்லை. தேடினனான். இல்லை. மூண்டாம் ஆண்டுக் கணக்கிலை சம்சுதீன் கடையிலை துணி வேண்டிற கணக்கு இருந்தது. இப்ப சண்முகம் கடையாம். றபீக்கா மாங்காய் பங்கு போட்டவள், இப்ப ராதிகா போடுறாள். சின்ன விசயமோ? எனக்குச் சின்னனாய்த் தெரியேல்லை. உங்களிலை ஒருத்தர் பேனையோடை இருந்து ஒவ்வொரு பக்கமாய்ப் பாத்து வெட்டியிருக்கோணும். பொறுமையான ஆள்தான்.

பேந்து ஆனியிலை கோட்டைச் சண்டை. குருநகரிலை குண்டு விழுந்து எங்கடை பள்ளிக்கூடத்துக் கூரை பறந்து போட்டுது. எங்களை ஆர் எடுத்தது எண்டு நினைக்கிறீர்? ஸம்ஸியா ரீச்சர்தான். தங்கடை பள்ளிக்கூடத்தைத் திறந்து விட்டு, காலமை தங்கடை பிள்ளையள், பின்னேரம் எங்கடை பிள்ளையள், அதே வாங்குகளிலை. அந்தப் பள்ளிக்கூட விடுதலை நாளிலையே இருந்து அஞ்சாம் ஆண்டுத் திட்டத்தையும் எழுதினா. ஓம், எழுதி முடிச்சவ. கடற்கரையைப் பிள்ளையளே நடந்து அளந்து படம் கீறுறது எண்டு கிடந்தது அதிலை. வாசிக்கத் தந்தவ, வாசிச்சுப்போட்டு ஒரு காத்தைத் திருத்திக் குடுத்தன்.

அந்த ஐப்பசிக் கடைசியிலைதான் ஒலிபெருக்கி பூட்டின வாகனம் வந்தது.

நீர் ஒண்டும் சொல்ல வேண்டாம், மேலிடத்து முடிவு எண்டு எனக்கு எத்தினைபேர் சொல்லீட்டினம். முஸ்லிம் சனம் எல்லாம் ஊரை விட்டுப் போக ரெண்டு மணித்தியாலம் தந்தவை. நாங்கள் வகுப்பிலை நிண்டனாங்கள். பிள்ளையளைத் தாய்மார் வந்து இழுத்துக்கொண்டு ஓடுகினம். ஒரு பிள்ளை, ரீச்சர், நாளைக்கு என்ன பாடம் எண்டு கேட்டுது. ஸம்ஸியா ரீச்சர் பின்னம் எண்டு சொன்னா. அவவின்ரை மகளை நான் தூக்கிக்கொண்டு சந்தி மட்டும் கூடப்போனன். அங்கைதான் மறிச்சு வைச்சுச் சோதிச்சவை. ஒரு பொடியன், மீசை அரும்பிற வயது. பிள்ளையின்ரை காதிலை கிடந்த தோட்டைக் கழட்டச் சொன்னான். தாயே கழட்டிக் குடுத்தா. றஊப் கையிலை கட்டியிருந்த மணிக்கூட்டைத் தானாய்க் கழட்டி நீட்டினார். பேந்து துணிப்பையைத் திறந்தான். மாத்துச் சீலை ஒண்டு, திட்டக் கடுதாசியள். ஒரு துண்டுக் கடுதாசியும் போகக்கூடாது எண்டான்.

அப்பதான் அவ வாய் திறந்தவ. தம்பி, உது என்னோடை போகத் தேவையில்லை, இஞ்சை இருக்கவேண்டினது, இஞ்சத்தைப் பிள்ளையளின்ரை அஞ்சாம் ஆண்டுப் பாடம், உந்தா நிக்கிறா ரீச்சர், அவவிட்டைக் குடுத்து விடும் எண்டா. நானும் கையை நீட்டிக்கொண்டுதான் நிண்டனான். எட்டித் தொடுற தூரம். அவன் என்னைப் பாத்தான், அவவைப் பாத்தான், நடவுங்கோ எண்டு சொல்லிப்போட்டுப் பக்கத்திலை கிடந்த குவியலுக்கை எறிஞ்சான். றேடியோ, தையல் மெசின், சூட்கேசு, அதுக்கு மேலை. எனக்குத் துவக்கைக் காட்டி அங்காலை போகச் சொன்னான். விடிய வந்து பாத்தன். ராத்திரி மழை. நிலம் மட்டும்தான் கிடந்தது.

அவ இப்ப புத்தளத்திலை, முகாமுக்குப் பக்கத்திலை ஒரு ஓலைக் கொட்டிலிலை படிப்பிக்கிறாவாம். திரும்பவும் ஒண்டாம் ஆண்டு.

அதாலைதான் தம்பி, அஞ்சாம் ஆண்டை நான் எழுத ஏலாது. அது எழுதி முடிச்ச சாமான்.

என்ன? உது பிழைதானோ, அந்தப் பொடியன் ஆர் எண்டு சொன்னால் விசாரிப்பீரோ? விசாரியும், விசாரியும். எனக்கு அப்ப பேர் தெரியாது, முகம் மட்டும்தான். பேர் இண்டைக்குத்தான் தெரியும், காலமை நீர் உந்தப் படலையிலை நிண்டு உம்மடை பேரைச் சொல்லேக்கை.