ஜன்னலோரப் பட்டாணி

ஆராய்ச்சிக்காரர்: ...விரல் பட்டன் மேலயே இருக்கு மச்சான். அனுப்பிடவா?

மெஷின்காரர்: கொஞ்சம் பொறுங்க மாப்ள. விரலை எடுங்க முதல்ல.

ஆராய்ச்சிக்காரர்: நாலு மணிக்குள்ள கட்டுரை போகலைன்னா வேலை நீட்டிப்பு கிடையாது. என் செடிக்கு மரபுப்பொருள் வழக்கத்தை விட ரெண்டு மடங்கு! பத்து வருஷத்துல நான் கண்டுபிடிச்சது, காபி மெஷினை எங்க தட்டினா ஓடும்ங்கிறது மட்டும்தான்.

மெஷின்காரர்: அதுவும் நான் காட்டிக்குடுத்தது.

ஆராய்ச்சிக்காரர்: அப்போ இதுதான் என் முதல் கண்டுபிடிப்புன்னு வை.

மெஷின்காரர்: நம்ம லேசர் மெஷின் மரபுப்பொருள் அளவை நேரா சொல்லாது மாப்ள. இலை செல்லோட உட்கருவை ஒண்ணொண்ணா லேசர் முன்னால ஓட விட்டு, ஏத்தின சாயம் எவ்வளவு மின்னுதுன்னுதான் சொல்லும். பக்கத்துல அளவு தெரிஞ்ச செடி ஒண்ணு வேணும். தராசுக்குப் படிக்கல் மாதிரி.

ஆராய்ச்சிக்காரர்: இருந்துச்சே, ஜன்னலோரப் பட்டாணி! ரெண்டு இலையையும் ஒரே தட்டுல வச்சு, புது பிளேடால சேர்த்தே நறுக்கினேன். விரலையும் சேர்த்து.

மெஷின்காரர்: தனித்தனியா ஓட்டலையே?

ஆராய்ச்சிக்காரர்: உன் தங்கச்சி மேல சத்தியமா இல்ல.

மெஷின்காரர்: அவளை ஏன் இழுக்கறீங்க... எத்தனை நாள் ஓட்டினீங்க?

ஆராய்ச்சிக்காரர்: மூணு நாள், மூணு செடி. மூணு விரல்ல கட்டு, பாரு.

மெஷின்காரர்: ஐயோ... எல்லாம் ஒழுங்காவே செஞ்சிருக்கீங்களே.

ஆராய்ச்சிக்காரர்: ஏன் துக்கம் விசாரிக்கற மாதிரி சொல்றே?

மெஷின்காரர்: அந்தப் பட்டாணி... கொஞ்சம் ஒல்லியா இல்ல?

ஆராய்ச்சிக்காரர்: என்னை மாதிரியே கவனிப்பார் இல்லாம வாடுதுன்னு நினைச்சேன். உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

மெஷின்காரர்: மாப்ள... பட்டாணி போன மாசமே செத்துப்போச்சு. தண்ணி ஊத்த மறந்துட்டேன். வேலியோரத்துல அதே சாயல்ல ஒரு களை இருந்துச்சு... பிடுங்கி அதே தொட்டியில நட்டுட்டேன். பட்டாணின்னு எழுதின சீட்டை மாத்தலை.

ஆராய்ச்சிக்காரர்: அப்போ மூணு நாளா நான் நறுக்கினது களையையா?

மெஷின்காரர்: நேத்து நிஜப் பட்டாணியோட சேர்த்து ஓட்டிப் பார்த்தேன். களைக்கு அதுல பாதிதான். படிக்கல்லே பாதின்னா உங்க செடி...

ஆராய்ச்சிக்காரர்: ரெண்டு மடங்கு இல்ல. வழக்கமான அளவு. என் மூளை மாதிரி.

மெஷின்காரர்: தெய்வாதீனமா இன்னும் அனுப்பலை. விரலை எடுங்க.

ஆராய்ச்சிக்காரர்: காலையிலேயே அனுப்பிட்டேன் மச்சான். உன்னையும் ஒரு வார்த்தை கேட்ட மாதிரி இருக்கட்டுமேன்னுதான் இப்ப கேட்டேன். நன்றி சொல்ற பக்கத்துல உன் பேரும் இருக்கு... பட்டாணியைக் கண்ணும் கருத்துமா வளர்த்தவர்னு.