தையல்காரி ஏன் சாகவில்லை?

அவைக்குத் தலைமை ஏற்று, என் நாவலை வரிக்கு வரி வாசித்து, வாழ்த்தும் வழங்கி வசையும் வழங்கி அமர்ந்திருக்கும் தலைவர் அவர்களே, முழங்கால் வலியையும் பொருட்படுத்தாமல் முன்வரிசையை நிறைத்திருக்கும் பெரியோர்களே, வீட்டு வேலையைப் பாதியில் விட்டுவிட்டு வந்திருக்கும் தாய்மார்களே, கதை என்றால் காதைத் தீட்டிக்கொள்ளும் இளைய தோழர்களே, உங்கள் அனைவருக்கும் என் அன்பான மாலை வணக்கம்.

தலைவர் ஒரு கேள்வி கேட்டார். "பக்கத்துக்குப் பக்கம் நோயில் நலிந்துகொண்டே வந்த தையல்காரி, கடைசி அத்தியாயத்தில் திடீரெனத் தேறி எழுந்து கடை திறக்கிறாளே, இது கலையா, கண்துடைப்பா?" என்றார். நீங்கள் கைதட்டினீர்கள். நானும்தான் தட்டினேன். நியாயமான கேள்வி.

இலக்கியம் எனக்கு என்ன? பொழுதுபோக்கா? புகழுக்குப் போட்ட தூண்டிலா? இல்லை ஐயா. குடிநீர் அலுவலகத்தில் குமாஸ்தாவாக இருந்தவன் நான். மதிய இடைவேளையில் மாடிப்படியில் அமர்ந்து, மடியில் தாளை வைத்து எழுதியவன். கால் மரத்துப்போகும், கதை மரத்துப்போகாது. பதவி உயர்வு வந்தபோது, நாவல் பாதியில் நிற்கிறதே என்று வேண்டாமென்று எழுதிக்கொடுத்தேன். அப்படி ஆசைப்பட்டேன் இந்த எழுத்தை. அதற்கு ஒரு சத்தியமும் செய்திருந்தேன்: பொய் எழுத மாட்டேன். கதையில் சாக வேண்டியவர் சாவார். என் கண்ணீர் குறுக்கே வராது.

என் முதல் வாசகி என் மனைவி. அடுப்படியில் நின்றபடியே படிப்பாள். ஒரு கையில் கரண்டி, மறு கையில் என் தாள். "பாவம், இந்த வாத்தியாரையும் கொன்னுட்டீங்களா? பேனாவுல மை ஊத்துறீங்களா, விஷம் ஊத்துறீங்களா?" என்று கேட்பாள். சிரிக்கிறீர்கள். அன்று நானும் சிரித்தேன்.

ஒலிபெருக்கி நண்பரே, சத்தத்தைக் கொஞ்சம் குறையுங்கள். இனி வருவதை உரக்கச் சொல்ல என்னால் முடியாது.

அவளுக்கு மறதி நோய் வந்தது. முதலில் சாவி வைத்த இடம் போயிற்று. பிறகு தெருவின் பெயர் போயிற்று. பிறகு பிள்ளைகளின் முகம் போயிற்று. ஒரு நாள், தாய்மார்களே, நானும் போனேன். தினமும் வந்து பேசிவிட்டுப் போகும் யாரோ ஒரு மனிதராகிவிட்டேன். ஆனால் என் கதைமாந்தர் போகவில்லை. அவர்களையெல்லாம் சொந்தக்காரர்கள் என்றே நினைத்துக்கொண்டாள். "அந்த லாரி டிரைவர் மகளுக்குக் கல்யாணம் முடிஞ்சுதா?" என்று விசாரிப்பாள். நான் அன்றன்று எழுதியதை ஊர்ச்சேதி போல அவளுக்குச் சொல்வேன். "தையல்காரிக்கு இப்ப எப்படி இருக்கு?" அதுதான் எப்போதும் முதல் கேள்வி.

ஒரு காலையில் கடைசி அத்தியாயத்தை முடித்தேன். தையல்காரி இறந்துவிட்டாள். நான் எழுதியதிலேயே சிறந்த பக்கங்கள் அவை. சொல்ல எனக்குக் கூச்சமில்லை. மாலையில் கட்டிலருகே போய் உட்கார்ந்தேன். அவள் கேட்டாள். உண்மையைச் சொல்ல வாயெடுத்தேன். அந்தக் கண்களைப் பார்த்தேன்.

"தேறிட்டா. நாளைக்குக் கடை திறக்கப் போறா."

அவள் முகம் மலர்ந்ததே, அதை எந்த நடையில் எழுதுவேன்? என் கையைப் பிடித்து இழுத்து, காதோடு சொன்னாள்: "நல்ல சேதி சொன்னீங்க, நல்லா இருப்பீங்க. ஆனா எங்க வீட்டுக்காரர் காதுல மட்டும் போட்டுடாதீங்க. அவரு கதை எழுதுறவரு. தெரிஞ்சா அவளையும் கொன்னுடுவாரு."

சொல்ல மாட்டேன் என்று அவளுக்குச் சத்தியம் செய்தேன். என் மேசைக்கு வந்து அந்தப் பக்கங்களைக் கிழித்தேன்.

புத்தகம் அச்சாகும் முன்பே அவள் போய்விட்டாள். இனி கேட்க ஆளில்லை, பழைய முடிவையே போடுங்கள் என்றார்கள் நண்பர்கள். உட்கார்ந்தேன். கிழித்ததை மறுபடி எழுத ஒரு வரியும் ஓடவில்லை. அழுதேன்.

தலைவர் அவர்களே, முடிவு பலவீனமானதுதான். அடுத்த பதிப்பிலும் அதைத் திருத்தமாட்டேன். என் வீட்டில் கிடந்தவளைப் பிழைக்க வைக்க என்னால் ஆகவில்லை. அவள் பிழைக்க வைத்தவளைக் கொல்ல எனக்குக் கை வரவில்லை.

பொறுமையோடு கேட்ட உங்களுக்கும், உங்களுக்காக வீட்டில் காத்திருப்பவர்களுக்கும் என் நன்றி, என் வணக்கம்.