விழாத மேசை

— இல்லடி, நெசமாவே விழுந்துருச்சாம். கொழும்புல அவங்களே செஞ்சு பாத்தாங்களாம்.

— எது விழுந்துச்சு? தனுஜா, எங்க இருந்து கதைக்கிற? கனவுன்னுல்ல நெனச்சேன்.

— நம்ம நடுச் செவத்துக்கும் கூரத் தகரத்துக்கும் எடையில சந்து இருக்குல்ல, அதுல வாய வச்சுக் கதைக்கிறேன். கட்டில் மேல ஏறி நிக்கிறேன். நீயும் ஏறு நிஷாந்தி. மெதுவா. ஒங்கப்பா முழிச்சா செத்தோம்.

— ஏறிட்டேன். பனி உள்ள வருது இந்தச் சந்தால. ம்... சொல்லு.

— என் மேச இருக்குல்ல. ஸ்கூல்ல தூக்கிப் போட்ட கரும்பலகைல செஞ்சது.

— செவத்தோட மடக்கினா பலக, எறக்கினா மேச. ஒங்கம்மா லயத்துல வீடு வீடாச் சொல்லிட்டாங்க.

— அத எழுதி, படம் கீறி, அந்த மாசப் புத்தகத்துக்கு அனுப்பிட்டேன்டி. லைப்ரரியில பாப்போமே, கடைசில ஒரு மரவேலப் பக்கம் வரும். அதுக்கு.

— எங்கிட்டகூடச் சொல்லல நீ.

— வந்தா சொல்லலாம்னு இருந்தேன். அவங்களும் போடுறோம்னாங்க. யாரு எதை அனுப்பினாலும் அந்தப் பக்கத்து ஐயா ஒருக்கா செஞ்சு பாத்துட்டுத்தான் போடுவாராம். நம்ம லயத்துச் செவரு மாதிரியே கல்லும் மண்ணுமான பழைய செவரு ஒண்ணு தேடி, நான் எழுதினபடியே ரெண்டு போல்ட்டு எறக்கி மாட்டியிருக்காரு. கைய ஊண்டினதும் மேச போல்ட்டோட பேந்து வந்துருச்சாம்.

— ஒன்னுது விழலையே. ஒன் தம்பி அது மேல ஏறி ஆடுறான், இங்க எங்களுக்குக் கேக்குது.

— அதான் பயமா இருக்கு. ஏன் விழலன்னு எனக்கே தெரியல. மெசேஜ் போட்டிருக்காரு. "படிக்கிற பிள்ளைகளின் காலில் விழுந்தால் யார் பதில் சொல்வது? உங்கள் வீட்டில் எப்படி நிற்கிறது என்று காலைக்குள் எழுதுங்கள். இல்லாவிட்டால் பிரசுரிக்க முடியாது"ன்னு. நான் செய்யாமயே எழுதிட்டேன்னு நெனக்கிறாரு போல.

— அழாதடி.

— அழல. படுத்தா ஒரே யோசன. எந்த ஊருன்னே தெரியாத ஒரு புள்ள, அந்தப் பக்கத்தக் கிழிச்சு வச்சுக்கிட்டு, அது வீட்டுல இதே மேச செய்யுது. வெளிய மழ பேயுது. மேசைய எறக்கி கொப்பிய விரிக்குது. நான் இங்க எழுத எழுத அது அங்க எழுதுது. மொகம் மட்டும் தெரிய மாட்டேங்குது... இப்ப கண்ண மூடினா அது கால்ல மேச விழுது.

— ஏய். இரு. போல்ட்டு எவ்வளவு நீளம்?

— ஏன்?

— இந்தப் பக்கம் வந்திருக்குமோன்னுதான்.

— வராது. வந்திருந்தா ஒங்கப்பா சும்மா விடுவாரா? பைப்புத் தண்ணிச் சண்டைல இருந்து எங்கப்பா மொகத்தையே பாக்கிறதில்ல. செவரு தோட்டத்துக்குச் சொந்தம், தொளச்சுட்டானுங்கன்னு நேரா ஆபீஸுக்குப் போயிருப்பாரு.

— டோர்ச் அடிச்சுப் பாக்கிறேன். இந்தச் செவத்துல அப்பா ஒரு பலக அடிச்சிருக்காரு. அவரு சட்ட, கொட எல்லாம் அதுலதான் தொங்குது.

— எப்ப அடிச்சாரு?

— நீ அங்கிட்டு டொக்கு டொக்குன்னு தட்டினியே, அதுக்கு மறுநாள். ஏன் இந்த எடத்துலன்னு அம்மா கேட்டதுக்கு, சட்டையக் கழட்டி அதுல மாட்டிட்டுப் போயிட்டாரு... சட்டைய வெலக்குறேன். தனுஜா.

— என்னடி?

— ரெண்டு நட்டு. ஒன் போல்ட்டு ரெண்டும் பலகையத் தாண்டி வெளிய வந்திருக்கு. நட்டுப் போட்டு இறுக்கியிருக்கு. எண்ணெய்கூட வச்சிருக்கு.

— அப்ப அவருக்குத் தெரியுமா? ஐயோ, இவ்வளவு நாளாவா?

— சும்மா இரு... அப்பா? ஒண்ணும் இல்லப்பா. கனவு கண்டேன், அதான் எந்திரிச்சேன்.

— செவத்தோட கதைக்கிற கனவா? டோர்ச்ச அமத்து. அங்கிட்டு நிக்கிற புள்ளையக் கட்டில விட்டு எறங்கச் சொல்லு, விழுந்து கெடக்கப்போவுது.

— சோலமல மாமா... ஆபீஸுக்குச் சொல்லிறாதீங்க மாமா. அப்பாவுக்கு எதுவும் தெரியாது. நான்தான் தொளச்சேன்.

— ஆபீஸுக்குச் சொல்றவன் மழைல ராகலை டவுனுக்குப் போயி நட்டு வாங்கிட்டு வருவானா? பெரட்டுல வேலைக்குப் பேரு குடுத்துட்டு வந்து பாக்கிறேன், ரெண்டு மொனை செவத்துல எட்டிப் பாக்குது. தொட்டா ஆடுது. அங்கிட்டு நீ சத்தம் போட்டுப் பாடம் படிச்சுக்கிட்டு இருக்க. வேற என்ன செய்யச் சொல்ற?

— மாமா...

— அந்தாளுக்கு எழுது. அங்கிட்டு மேச, இங்கிட்டு பலக, ரெண்டையும் சேத்து இறுக்கினாத்தான் மண்ணுச் செவரு தாங்கும்னு. அப்பறம் இதையும் எழுது: தொளைக்கிறதுக்கு முந்தி பக்கத்து வீட்டுல ஒரு வார்த்த கேக்கணும்னு. கேட்டிருந்தா நான் வேணாம்னா சொல்லியிருப்பேன்?