ஒன்பது பத்து வண்டி

இரவு ஒன்பது மணி இருக்கும். கல்கத்தாவில் கார்டன் ரீச் தாண்டித் தெற்கே, ஆற்றை நோக்கிப் போகும் ஒரு பழைய ரயில் பாதை. இருபுறமும் ஆள் உயர நாணல். காளி பூஜை அமாவாசை... கைவிளக்கு வெளிச்சத்துக்கு அப்பால் எதுவும் தெரியவில்லை.

நடந்தது 1912-இல். அந்தப் பாதையில் போனவர் சந்தானம், ரயில் கம்பெனி ஒன்றின் நில ஆபீஸில் குமாஸ்தா. என் சிநேகிதர் மஹாதேவனுக்கு அத்திம்பேர் முறை. பின்னால் விளக்குடன் ஹரேன் என்ற கலாசி, கம்பெனிக் கூலியாள். யாராவது அந்தக் கதவைச் சாத்துங்கள்... சரி, சொல்கிறேன்.

ஒரு செங்கல் சூளைக்காகப் போட்ட பாதை அது. நிலம் கொடுத்த ஜமீன்தார் பத்திரத்தில் ஒரு நிபந்தனை வைத்திருந்தார். தொடர்ந்து பன்னிரண்டு வருஷம் வண்டி ஓடாவிட்டால் நிலம் தன் குடும்பத்துக்கே திரும்ப வேண்டும். சூளை மூடியது. வண்டி நின்றது. தண்டவாளத்தில் துரு ஏறியது. பதின்மூன்றாம் வருஷம் ஜமீன்தாரின் விதவை நிஸ்தாரிணி அலிப்பூர் கோர்ட்டில் நிலத்தைக் கேட்டார். அந்த அம்மாளுக்கு மிச்சம் இருந்தது அது ஒன்றுதான்.

கம்பெனியிடம் பதில் இல்லை. பதில் இல்லாதபோதுதான் ஆபீஸ்களுக்கு மூளை நன்றாக வேலை செய்யும். ஹெட் கிளார்க் சிவராமகிருஷ்ணன் சந்தானத்தைத் தனியே கூப்பிட்டார்.

"நாலு வருஷத்துக்கு முன்னாலே, காளி பூஜை ராத்திரி, ஒன்பது பத்துக்கு ஒரு பரிசோதனை வண்டி ஓடித்து. லெவல் கிராசிங்லே நீர் ஏறினீர். அவ்வளவுதான் ஓய். எழுதிக் கையெழுத்துப் போட்டா வேலை நிரந்தரம்."

"வண்டியே ஓடலையே, ஸார்."

"அது உமக்கும் எனக்கும் தெரியும்."

சந்தானம் ஐந்து வருஷமாகத் தற்காலிகம். வீட்டில் மனைவி அனந்தலக்ஷ்மிக்கு ஏழாம் மாதம். கையெழுத்தைப் போட்டுவிட்டார். கோர்ட்டில் சத்தியமும் செய்தார். கம்பெனி ஜெயித்தது.

வெளியே வரும்போது அந்த அம்மாள் எதிரே நின்றார். திட்டவில்லை. "ஏறினீங்க, சரி பாபு. எங்கே இறங்கினீங்க?" என்று மட்டும் கேட்டார். சந்தானம் தலையைக் குனிந்துகொண்டு நடந்தார். இறங்கிய இடத்தை யாரும் எழுதச் சொல்லவில்லை.

அந்தக் காளி பூஜையன்று, அதே நிலத்தில் எல்லைக்கல் நட அவரையே அனுப்பியிருந்தார்கள். கல் ஏற்றி வந்த படகு தாமதம். வேலை முடியும்போது இருட்டிவிட்டது. திரும்பும் வழியில் லெவல் கிராசிங்.

அங்கே வந்ததும் உள்ளங்காலில் ஒரு நடுக்கம். தண்டவாளம் மெல்ல இரைந்தது. விர்ர்ர்...

"ஹரேன், சத்தம் கேக்குதா?"

"என்ன சத்தம், பாபு? தவளைகூடக் கத்தலையே."

உண்மைதான். தவளைகள் எப்போது நின்றன என்று தெரியவில்லை. ஈரக் கரி புகையும் நாற்றம். சூடான எண்ணெய் வாடை. சந்தானம் துண்டால் மூக்கைப் பொத்திக்கொண்டார். ஓட வேண்டும் என்று நினைத்தார், கால் வரவில்லை. அப்படியொரு பயம். கடிகாரத்தை எடுத்துப் பார்த்தார்.

ஒன்பது பத்து.

புஸ்... என்று மூச்சுவிட்டு எதிரே நின்றது. விளக்கில்லாத ஒற்றைப் பெட்டி. கதவு திறந்திருந்தது. உள்ளே, இருட்டில், யாரோ நிதானமாக எதையோ வாசிக்கும் குரல். அவர் எழுதிக்கொடுத்த வாக்குமூலம். வரி வரியாக... 'சந்தானம் ஆகிய நான், மேற்படி இடத்தில், மேற்படி வண்டியில் ஏறினேன்.' அந்த வரியோடு குரல் நின்றது. காத்திருந்தது.

ஹரேன் பிறகு போலீஸாரிடம் சொன்னது இதுதான். வண்டி எதையும் அவன் பார்க்கவில்லை. பாபு திடீரென்று, "நான் ஏறலை, நான் ஏறவே இல்லை" என்று அழுதார். அப்புறம் வெறும் காற்றில் காலைத் தூக்கி வைத்தார். ஒரு படி. இரண்டு படி. கை எதையோ பற்றிக்கொண்டது... விளக்கு அணைந்துவிட்டது.

விடிந்ததும் போய்ப் பார்த்தார்கள். லெவல் கிராசிங் வரைக்கும் பழைய துரு அப்படியே இருந்தது. அங்கிருந்து ஆற்றங்கரையில் பாதை முடியும் இடம் வரை, இரண்டு தண்டவாளமும் தினமும் வண்டி ஓடுகிற தண்டவாளம்போலப் பளபளத்தன. ஆளைக் காணோம். ஆற்றிலும் தேடினார்கள்.

அனந்தலக்ஷ்மிக்கு ஆண் குழந்தை பிறந்தது. அடுத்த காளி பூஜை கழிந்து இரண்டு நாளில் அவள் குழந்தையோடு அந்த ஆற்றங்கரைக்குப் போனாள். அங்கே மீன் பிடிக்கும் ஒரு கிழவர், முந்தாநாள் ராத்திரி வண்டிச் சத்தம் கேட்டதாகச் சொன்னார். உள்ளே ஓர் ஆள் ஜன்னல் ஜன்னலாகப் போய் ஏதோ கத்திக்கொண்டிருந்தானாம். என்ன பாஷையோ, கிழவருக்கு விளங்கவில்லை. ஆனால் பலமுறை கேட்டதால் வார்த்தைகள் மனப்பாடம். வங்காள வாயால் ஒவ்வொன்றாக, அர்த்தம் தெரியாமலே, அவளிடம் சொல்லிக் காட்டினார்...

"இது... எந்த... ஸ்டேஷன்? நான்... இறங்கணும்."